பல் நிற்கும் நிலம்

நரை திரைகளைப் போலப் பல் விழுதலையும் மூப்பின் இயல்பான அடையாளமாகக் கொள்வது நம்மவர் வழக்கம். சூத்தை விழாத பல்லொன்று நாற்பது வயதளவில் மெல்ல ஆடத் தொடங்குகிறது. சில ஆண்டுகளில் வலியேதுமின்றிக் கையோடு வந்துவிடுகிறது. எடுத்துப் பார்த்தால் அப்பல்லில் யாதொரு பழுதும் இல்லை. பழுது பல் நின்ற நிலத்தில் உண்டானது. தாடை எலும்பிலே ஒவ்வொரு பல்லுக்கும் ஒவ்வொரு குழி உண்டு. அக்குழியின் சுவரோடு பல்லின் வேரை நுண்ணிய நார்கள் பிணைத்து நிற்கின்றன. அந்த எலும்பின் விளிம்பு ஆண்டுதோறும் சிறிது சிறிதாகத் தாழ்ந்துகொண்டே போகுமானால், மண்ணரிப்பினால் வேர் வெளிப்பட்ட மரம் சாய்வது போல நல்ல பல்லும் சாய்ந்துவிடுகிறது.

இந்த எலும்பை அரிப்பது யாது? முதுமையா, உணவுக் குறைவா, உடலின் உள்ளிருக்கும் வேறு கோளாறா, அன்றி வாயில் வாழும் கிருமிகளா? இவ்வினாவுக்கு விடை காண மனிதருக்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் சென்றன. அவ்விடையின் மிக முக்கியமான சான்றுகளுள் ஒன்று நம்முடைய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலே, தமிழ்த் தொழிலாளரின் வாய்களிலே அளந்து பெறப்பட்டது என்பதை நம்மிற் பலர் அறியோம். அந்த வரலாற்றையே நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

1683ஆம் ஆண்டு, யாழ்ப்பாணக் கோட்டையில் ஒல்லாந்தரின் கொடி பறந்துகொண்டிருந்த காலம். ஒல்லாந்து தேசத்திலே டெல்ஃப்ற் நகரத்தில் அந்தோனி வான் லீவன்ஹூக் என்னும் சீலை வியாபாரி ஒருவர் இருந்தார். தம் கையாலே கண்ணாடி வில்லைகளைத் தீட்டி நுணுக்குக்காட்டிகள் செய்வது அவர் பொழுதுபோக்கு. அவர் நாள்தோறும் காலையில் உப்பினால் பல் விளக்குபவர். ஐம்பது வயதிலும் தம் பற்கள் வெண்மையாகவும் உறுதியாகவும் இருப்பதையிட்டுப் பெருமை கொண்டவர். அவ்வாறிருந்தும் பல்லிடுக்கிலே மாப்போன்ற வெண்பொருள் சிறிது தங்குவதைக் கண்டார். அதை எடுத்து மழைநீரிற் கலந்து நுணுக்குக்காட்டியில் வைத்து நோக்கினார். எண்ணற்ற சிற்றுயிர்கள் அங்குமிங்கும் ஓடித் திரிந்தன. வாழ்நாளில் ஒருபோதும் வாயைத் துப்புரவு செய்யாத முதியவர் ஒருவரின் பல்லழுக்கை எடுத்துப் பார்த்தபோது அவை இன்னும் பெருந்திரளாக இருந்தன. ஒல்லாந்து நாட்டின் குடிசனத்திலும் தம் வாயில் வாழும் உயிர்களின் தொகை பெரிதென்று இலண்டன் றோயல் சங்கத்துக்கு அவர் எழுதினார். மனிதன் பற்றீரியாவைக் கண்ட வரலாற்றிலே இக்கடிதத்துக்குத் தனியிடம் உண்டு. எனினும் அவ்வுயிர்களுக்கும் பல் ஆடுவதற்கும் தொடர்புண்டு என்பது அக்காலத்தில் எவர் சிந்தையிலும் எழவில்லை.

அடுத்த நூற்றாண்டிலே, 1728ஆம் ஆண்டு, பாரிஸ் நகரத்துப் பல் வைத்தியர் பியர் போஷார் பல் வைத்தியத்தைப் பற்றி இரண்டு பாகங்கள் கொண்ட பெருநூலொன்றை வெளியிட்டார். பல்லின் அடியில் கல்லாக இறுகும் காறையைச் சுரண்டி எடுப்பதற்கான கருவிகளை அதில் அவர் விவரித்துள்ளார். பல்லில் ஒட்டும் மென்மையான அழுக்கு உமிழ்நீரிலுள்ள உப்புகளால் இறுகிக் காறையாகிறது. ஈறு என்று நூல்களிலும் முரசு என்று யாழ்ப்பாணத்துப் பேச்சிலும் நாம் சொல்லும் அந்தச் சதையைக் காறை நோய்ப்படுத்துகிறது என்பதை அனுபவமுள்ள வைத்தியர்கள் கண்கூடாக அறிந்திருந்தனர்.

அந்த அனுபவத்தை வன்மையாக எடுத்துரைத்தவர் அமெரிக்காவிலே ஹார்ட்ஃபோட் நகரத்தில் வாழ்ந்த ஜோன் றிக்ஸ் ஆவார். 1844 டிசம்பர் 11ஆம் திகதி ஹொரேஸ் வெல்ஸ் என்பவர் சிரிப்பு வாயுவை முகர்ந்து மயங்கியிருந்தபோது, அவருடைய பல்லைப் பிடுங்கி, மயக்க மருந்து வரலாற்றிலும் இடம்பெற்றவர் இவரே. ஈற்றிலே சீழ் பிடித்துப் பற்குழி எலும்பு கரைந்துபோகும் நோயைக் குறித்து 1876இல் இவருடைய கட்டுரை வெளிவந்தது. ஈற்றை அறுத்தெறிவதால் நோய் தீராது. பல்லில் ஒட்டியிருப்பதை முற்றாக அகற்றி வேரைத் துப்புரவு செய்வதே பரிகாரம் என்பது இவருடைய கொள்கை. நெடுங்காலம் அந்நோய்க்கு றிக்ஸின் நோய் என்றே பெயர் வழங்கிற்று.

பின்னர் கிருமியியல் தோன்றிற்று. பேர்லினிலே கொக் என்னும் மேதையின் ஆய்வுநெறியைக் கற்ற அமெரிக்கர் வில்லபி மில்லர், மனித வாயிலுள்ள நுண்ணுயிர்களைப் பற்றிய தமது நூலை 1890இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். சூத்தைக்குக் காரணம் கிருமிகள் உண்டாக்கும் அமிலம் என்று விளக்கியவர் அவர். ஆயினும் எலும்பை அழிக்கும் ஈற்று நோய்க்கு உரிய தனிக் கிருமி ஒன்றை அவராற் காட்ட இயலவில்லை. வாயிலே பல நூறு வகைக் கிருமிகள் ஒருங்கே வாழ்கின்றன. அவற்றுள் குற்றவாளி எது என்று எவ்வாறு சுட்டுவது?

இந்நிலையில் மருத்துவ உலகம் இருவேறு திசைகளிலே சென்றது. 1910ஆம் ஆண்டு மொன்றியல் நகரத்து மக்கில் பல்கலைக்கழகத்தில், இலண்டன் வைத்தியர் வில்லியம் ஹண்டர் வாயின் அழுக்கே உடல் நோய்கள் பலவற்றுக்கும் மூலமென்று பேசினார். அதன் பயனாக எழுந்த பெருங்கிளர்ச்சியில், காப்பாற்றக்கூடிய பற்களும் ஆயிரக்கணக்கிற் பிடுங்கப்பட்டன. மறுபக்கத்திலே வியன்னா நகரத்துக் கொட்லீப் முதலிய அறிஞர்கள், கிருமியின் துணையின்றியே எலும்பு உள்ளிருந்து நலிவதும் உண்டு எனக் கருதினர். ஒரு சாரார் வாயிலுள்ள எல்லாவற்றையும் அஞ்சினர். மறுசாரார் நோயின் வேரை வாயின் புறத்தே தேடினர். இடையிலே நோயாளி தம் பற்களை இழந்துகொண்டிருந்தார்.

தீர்ப்பு 1960களில் கிடைக்கத் தொடங்கிற்று. 1964இல் அமெரிக்க ஆய்வாளர் கீஸ், ஜோடன் என்பவர்கள், ஹாம்ஸ்டர் என்னும் எலியினப் பிராணிகளில் ஈற்று நோய் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றக்கூடியது என்று காட்டினர். 1965இல் டென்மார்க்கின் ஓகூஸ் நகரத்திலே நோர்வே நாட்டினரான ஹரால்ட் லோ தம் துணைவருடன் எளிய சோதனையொன்றைச் செய்தார். ஆரோக்கியமான ஈறு உடைய 12 பேர் பல் விளக்குவதை நிறுத்தினர். பத்து நாள் முதல் மூன்று வாரத்துக்குள் எல்லாருக்கும் ஈறு அழன்றது. மீண்டும் பல் விளக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் அழற்சி தணிந்தது. பல்லின்மேற் படியும் கிருமிப் படலமே ஈற்றழற்சியின் காரணம் என்பது இதனால் ஐயந்திரிபற விளங்கிற்று. ஆனால் ஈறு அழலுதல் வேறு, எலும்பு அழிதல் வேறு. முதலாவது சில வாரங்களில் வந்து மறையும். இரண்டாவதற்குப் பல ஆண்டுகள் செல்லும், போன எலும்பு பெரும்பாலும் தானாக மீளாது. முதலாவது எப்பொழுது, எவரிடத்தில் இரண்டாவதாக மாறுகிறது என்பதை மூன்று வாரச் சோதனை கூறமாட்டாது.

இங்கேதான் இலங்கை இவ்வரலாற்றினுள் புகுகிறது. நோர்வே அறிஞரான ஜென்ஸ் வேர்ஹவுக் இந்நாட்டு மக்களின் ஈற்று நோயை ஆராய்ந்து 1967இல் ஒரு விரிவான அறிக்கை வெளியிட்டார். வயது, உணவுக் குறைவு, விற்றமின் குறைவு, வெற்றிலை, புகையிலை, இனம் ஆகிய எல்லாவற்றையும் அவர் ஒப்பிட்டு நோக்கினார். வாயின் துப்புரவுக் குறைவே நோயுடன் மிக நெருங்கிய தொடர்புடையதாகக் காணப்பட்டது. ஏழைமையும் பசியுமே காரணம் என்று எண்ணியிருந்தோருக்கு இது புதிய செய்தி.

அதன்பின், 1970ஆம் ஆண்டு லோவும் அவர் குழுவினரும் பூண்டுலோயாப் பக்கத்து டன்சினேன், ஹரோ என்னும் தேயிலைத் தோட்டங்களிலே 480 ஆண் தொழிலாளரின் வாய்களை அளந்தனர். அவர்களின் வயது 14 முதல் 31 வரை. ஒப்பீட்டுக்காக 1969இல் ஒஸ்லோ நகரத்திலே 565 மாணவரும் கற்றோரும் அளக்கப்பட்டிருந்தனர். ஒஸ்லோவினர் சிறுவயது முதலே பல் வைத்தியத்தின் முழுப் பயனையும் பெற்றவர்கள். தோட்டத்தினரோ, அறிக்கையின் சொற்படி, பல் நோய்த் தடுப்போ சிகிச்சையோ ஒருபோதும் பெறாதவர்கள். பல் தூரிகையை அறியாதவர்கள். இவ்வூர் அளவுகோலில் உடல்நலம் உடையவர்களாகவே அவர்கள் இருந்தனர்.

பல்லைப் பிணைக்கும் நார்ப்பற்று எத்தனை மில்லிமீற்றர் கழன்றது என்பதை மெல்லிய அளவுகோலால் அளந்தனர். அப்பற்றுத் தாழத் தாழ எலும்பின் விளிம்பும் தாழ்கிறது. நாற்பது வயதை அணுகும்போது ஒஸ்லோவினரின் சராசரி இழப்பு 1.5 மில்லிமீற்றருக்குச் சற்று மேல்; தோட்டத் தொழிலாளரின் சராசரி இழப்பு 4.5 மில்லிமீற்றர்.

இதே தொழிலாளரை 1971, 1973, 1977, 1982, 1985 ஆகிய ஆண்டுகளில் மீண்டும் மீண்டும் பரிசோதித்தனர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி மலைநாட்டுக் குடும்பங்கள் பல்லாயிரம் இந்தியாவுக்குக் கப்பலேறிய காலமும் இதுவே. 1985இல் எஞ்சியவர் 161 பேர். இந்த 15 ஆண்டு ஆராய்ச்சியின் முடிவு 1986இல் வெளிவந்தபோது பல் வைத்திய உலகம் வியப்புற்றது. ஏறக்குறைய எல்லாருடைய வாயிலும் ஒரே விதமாகப் படலமும் காறையும் நிறைந்திருந்தன. ஏறக்குறைய எல்லா ஈறுகளும் அழன்றிருந்தன. ஆனால் விளைவு மூவகைப்பட்டது. நூற்றுக்கு 8 பேரளவில் நோய் விரைந்து சென்றது. 35 வயதில் 12 பற்களையும், 40 வயதில் 20 பற்களையும், 45 வயதில் எல்லாப் பற்களையும் அவர்கள் இழந்தனர். நூற்றுக்கு 81 பேரளவில் நோய் நடுத்தரமாகச் சென்றது. 45 வயதில் சராசரி 7 பற்கள் போயின. எஞ்சிய நூற்றுக்கு 11 பேரளவிலோ ஈறு அழன்றதேயன்றி எலும்பு குறிப்பிடத்தக்க அளவில் அழியவில்லை. அவர்களிடையே சூத்தை நோய் மிக அரிதாதலால், போன பற்கள் பெரும்பாலும் இந்நோயினாலேயே போயின என்று துணிந்து கூற முடிந்தது.

நேயர்களே, ஒரே தோட்டம், ஒரே உணவு, ஒரே விதமான அழுக்கு; ஆயினும் விளைவு மூன்று. கிருமியே எலும்பைத் தின்பதாயின் இவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது? இதற்குரிய விளக்கம் வேறொரு வழியாக உருவாகி வந்தது.

எலும்பு உயிருள்ள பொருள். அதைக் கட்டும் கலங்களும் உண்டு. கரைத்து அகற்றும் பெருங்கலங்களும் உண்டு. இப்பெருங்கலங்களுக்கு 1873இல் பெயரிட்டவர் கொலிக்கர் என்னும் சுவிஸ் நாட்டு உடற்கூற்று அறிஞர். இவ்விருவகைக் கலங்களும் அளவோடு தொழில் செய்யும்வரை எலும்பு குறைவதில்லை. 1972இல் அமெரிக்க விஞ்ஞானிகள் ஹோர்ட்டன் முதலானோர், மனித இரத்தத்தின் வெண்கலங்களைப் பற்படிவிலிருந்து எடுத்த பொருளோடு சேர்த்து வளர்த்தனர். கலங்களைச் சூழ்ந்த திரவத்திலே எலும்பைக் கரைக்கத் தூண்டும் பொருளொன்று சுரந்திருந்தது. தூண்டியது கிருமிப் படிவு. அரிப்புக்கு ஆணை பிறப்பித்ததோ நம்முடைய சொந்தக் காவற் கலங்கள்.

இன்று நாமறிந்தவாறு நிகழ்ச்சி இதுவாகும். பல்லுக்கும் ஈற்றுக்கும் இடையே ஒரு சிறு பள்ளம் உண்டு. அங்கே படலம் நெடுநாள் தங்கினால் ஈறு வீங்கிப் பள்ளம் ஆழமாகிறது. ஆழத்திலே ஒட்சிசன் குறைவு. ஒட்சிசனின்றி வாழும் கிருமிகளுக்கு அதுவே உகந்த இடம். இவற்றுள் மூன்று வகைகள் கடுமையான நோயுள்ள இடங்களில் கூடி வாழ்வதை 1998இல் பொஸ்ரன் நகரத்துச் சொக்ரான்ஸ்கி குழுவினர் காட்டினர். அவற்றுள் போர்ஃபிரோமோனாஸ் ஜின்ஜிவாலிஸ் என்பது ஈற்றுத் தசையின் புரதங்களை வெட்டும் நொதியங்களைச் சுரக்கிறது. கிருமிகளின் புறத்தோலிலுள்ள நச்சுப் பொருளைக் கண்டதும் வெண்கலங்கள் திரண்டு வந்து இரசாயனச் செய்திகளை விடுக்கின்றன. அச்செய்திகள் எலும்பிலுள்ள கட்டுங் கலங்களை அடைய, அவை கரைக்கும் கலங்களை எழுப்பும் சமிக்கைப் புரதத்தை மிகுதியாக வெளிப்படுத்துகின்றன. கரைப்பு மிகுந்து கட்டுதல் குறைய, எலும்பின் விளிம்பு தாழ்கிறது.

இதில் வியப்பு யாதெனில், கிருமிகள் பொதுவாக எலும்பினுட் புகுவதே இல்லை. கிருமிப் படையின் முன்னணிக்கும் எலும்பின் விளிம்புக்கும் இடையே ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் இடைவெளி எப்பொழுதும் இருக்கிறது. பகைவன் நெருங்க நெருங்கப் புறமதிலை இடித்துப் பின்வாங்கும் கோட்டைக் காவலரைப் போல, உடல் தன் எலும்பைத் தானே கரைத்துப் பின்வாங்குகிறது. பகைவன் வாயிலில் நிலையாகத் தங்கிவிட்டால் பின்வாங்குதலுக்கும் முடிவில்லை. 2011இல் எலிகளிற் செய்த சோதனையொன்றும் இதனை உறுதிப்படுத்திற்று. மேற்கூறிய கிருமியை, வேறு கிருமி எதுவும் இல்லாத எலியின் வாயில் இட்டபோது எலும்பு அழியவில்லை. சாதாரண எலியில் மிகச் சிறிதளவு இட்டபோது, அது ஏனைக் கிருமிகளின் கூட்டையே நிலைகுலையச் செய்ய, எலும்பு அழிந்தது. ஆகவே கிருமிக் கூட்டம் தீ மூட்டுகிறது. எலும்பு அழிவதோ உடலின் எதிர்ச்செயலால். அந்த எதிர்ச்செயல் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால் தோட்டத்திலே மூவகை விளைவு காணப்பட்டது. புகைத்தலும் நீரிழிவும் அந்த எதிர்ச்செயலைக் கெடுத்து அழிவை விரைவாக்குகின்றன.

இங்கே வரலாறு படிப்பவர் ஒரு கேள்வியைக் கேளாது அப்பாற் செல்லலாகாது. பல் விளக்கினால் ஒரு வாரத்தில் ஈறு தேறும் என்று 1965இல் நிறுவியவரே, 1970இல் மலையேறி, பல் விளக்காத மக்களை அளந்தார். நோய் தடையின்றிச் செல்லும் வழியை அறிதலே நோக்கம். அந்நோயை ஆராய்ச்சியாளர் கொண்டுவரவில்லை. பல் வைத்தியம் எட்டாத லயன்களிலே அது முன்னரே குடியிருந்தது என்பதும் உண்மை. ஆயினும் அதே காலத்தில், 1971, 1972 ஆண்டுகளில், சுவீடனிலே தொடங்கிய மற்றோர் ஆராய்ச்சியையும் இதனருகில் வைத்து நோக்குதல் வேண்டும். அங்கே 375 பேருக்குப் பற்றுப்புரவைக் கற்பித்து ஒழுங்காகச் சிகிச்சை அளித்தனர். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற 180 பேர் ஒப்பீட்டுப் பிரிவினர். அந்த ஒப்பீட்டுப் பிரிவை ஆறு ஆண்டுகளோடு நிறுத்திவிட்டனர். துப்புரவுப் பிரிவில் 30 ஆண்டு நிறைவில் எஞ்சிய 257 பேரிடத்தும் ஈற்று நோயாலும் சூத்தையாலும் போன பற்கள் எல்லாமாக 21 மட்டுமே. ஆராயப்படுபவரின் நலன் விஞ்ஞானத்தின் நலனுக்கு மேலானது என்பதை உலக வைத்திய சங்கம் 1975இல் தோக்கியோவிலே தன் பிரகடனத்திற் சேர்த்தது. அந்த அளவுகோலை மலைநாட்டுக்கும் பிடித்துப் பார்ப்பது எவரையும் தூற்றுவதாகாது. சொல்லப்படாதிருந்த ஒரு கடனைக் கணக்கில் எழுதுவதேயாகும்.

2010ஆம் ஆண்டு, நாற்பது ஆண்டுகளின் பின், அத்தொழிலாளருள் 75 பேரை மீண்டும் தேடிக் கண்டு பரிசோதித்தனர். 12 பேருக்கு வாயில் ஒரு பல்லும் இல்லை. நால்வர் மட்டும் இந்நோயால் ஒரு பல்லையும் இழவாதிருந்தனர். சராசரி ஒருவர் 13 பற்களை இழந்திருந்தார். 2017இல் வெளியான அறிக்கை, புகைத்தலும் காறையும் நோயைத் தொடக்கி வைப்பதோடு தொடர்புடையன என்றும், முப்பது வயதில் சராசரி இழப்பு 1.81 மில்லிமீற்றருக்குக் குறைவாக இருப்பவரே அறுபது வயதில் இருபது பல்லேனும் உடையவராக இருக்கும் வாய்ப்பு மிகுதி என்றும் கூறுகிறது. முப்பது வயதுக்கு முன்னரே கவனிக்க வேண்டும் என்பதே அதன் பொருள்.

இவற்றிலிருந்து நாம் கொள்ள வேண்டியது சிறிதே, ஆயினும் இன்றியமையாதது. பல் விளக்கும்போது ஈற்றிலே இரத்தம் கசிவது நோயின் முதற் குறி. இரத்தத்தைக் கண்டு அவ்விடத்தை விலக்கி விடாது, அங்கேயே கவனமாகத் துப்புரவு செய்தல் வேண்டும். புகைப்பவருக்கு அந்தக் குறியும் தோன்றாது மறைந்திருத்தல் கூடும். காறையை எடுத்தால் பல் ஆடும் என்று அஞ்சி வைத்தியரிடம் செல்லாதிருப்போர் நம்மிடையே இன்றும் உளர். பல் ஆடுவது எலும்பு முன்னரே போனதனால்; காறை போனதனால் அன்று. ஆலங்குச்சியோ வேப்பங்குச்சியோ தூரிகையோ, கருவி எதுவாயினும், பல்லும் ஈறும் கூடும் விளிம்பையும் பல்லிடுக்கையும் நாள்தோறும் அது தொடுகிறதா என்பதே பொருட்டு.

உலகத்துப் பல் வைத்தியக் கல்லூரிகளிலே மாணவர் இன்றும் 8, 81, 11 என்னும் மூன்று எண்களைப் படிக்கின்றனர். அவ்வெண்களுக்குப் பின்னால் கொழுந்துக் காட்டில் உழைத்து நாற்பத்தைந்து வயதிற் பல்லற்றுப் போன மனிதர் உளர். அவர்கள் வாயிலிருந்து உலகம் கற்ற பாடம், அவர்களின் பேரப் பிள்ளைகள் படிக்கும் தோட்டப் பாடசாலைகளில் ஒரு தூரிகையாகவும், ஆண்டுக்கொரு பரிசோதனையாகவும், ஆசிரியர் வாய்ச்சொல்லாகவும் திரும்பிச் சேருமாயின், அந்தக் கடனில் ஒரு பகுதியேனும் தீரும்.